இரண்டாம் பக்கத்தில் ஒரு பெயர்

கொட்டாஞ்சேனை,
18.02.2007

அன்பின் தம்பி ஹியூபேட்டுக்கு,

அக்கா யோசெப்பின் எழுதுவது. நீயும் கொன்ஸ்ரன்ஸும் நோய் நொடியில்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் அந்தோனியாரிடம் கேட்கிறேன். எங்கள் சுகம் பற்றி எழுதப் பெரிதாக ஒன்றுமில்லை. எனக்கு முழங்கால் வீக்கம். றோஸிக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

நீ இலண்டனில் இருந்து ரெலிபோனில் கேட்டதற்கெல்லாம் வெறும் "ஓம், ஓம்" என்று சொன்னேன் என்று உனக்குக் கோபம் வந்திருக்கும். ரெலிபோனை நம்பி இங்கே ஒருவரும் கதைப்பதில்லை. தபாலிலும் போட மனமில்லை. அத்தானோடு வேலை செய்த யோகநாதன் செவ்வாய்க்கிழமை அங்கே வருகிறார். சப்பாத்துக்குள் வைத்து இதைக் கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நடந்தது இதுதான். ஜனவரி 23, பின்னேரம் ஆறே முக்கால். கப்பல் கொம்பனிக் கந்தோரில் வேலை முடிந்து, கோவிலுக்குப் போய், ஒரு இறாத்தல் பாணும் வாங்கிக்கொண்டு வந்த அத்தானை எங்கள் ஒழுங்கை முகப்பில் வைத்து வெள்ளை வான் வண்டி ஒன்றில் ஏற்றினார்கள். பாண் மட்டும் ரோட்டில் கிடந்தது. இருபத்தேழு வருடம் பில் அடித்த கிளாக்கரைக் கொண்டுபோய் என்ன செய்யப் போகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. பொலிஸில் முறைப்பாடு எழுத மூன்று நாள் எடுத்தது. முதல் நாள் போனபோது ஒருவன், "வேற பொம்பிளையோட போயிருப்பார், ரெண்டு நாள் பாருங்க" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தான். அவன் பல்லை உடைத்திருக்க வேண்டும். நான் "சரி மஹத்தயா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று காலை நான் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. றோஸியின் ரியூசன் விஷயத்தில் வாய்த்தர்க்கம். அவர் போயிட்டு வாறன் என்றபோது நான் திரும்பிப் பார்க்கவில்லை. இதை உனக்கு மட்டும் சொல்கிறேன்.

ஒழுங்கை முழுக்கச் சனம் நின்றது. ஒருவரும் காணவில்லையாம். கண்டதைச் சொல்ல வந்தவர் ஒரே ஒருவர், முகப்பில் சில்லறைக் கடை வைத்திருக்கிற ஹாஷிம் நானா. நீ இங்கே இருந்த காலத்தில் தகப்பனோடு கல்லாவில் இருப்பார், உனக்கு ஞாபகம் இருக்கும். வானின் இலக்கம் அவருக்கு மனப்பாடம். பத்தாம் நாள் என்னைக் கடைக்குள் கூப்பிட்டு, "தங்கச்சி, நான் கண்டேன். கோர்ட்டில வந்து சாட்சி செல்றேன். அதுவரைக்கும் என்ட பேர் ஒருத்தருக்கும் தெரிய வாணாம். எனக்கு நாலு புள்ளைகள் ஈக்கிது" என்றார்.

சட்டத்தரணி இரத்தினசிங்கம் ஆட்கொணர்வு மனு போடுகிறார். பிடித்து வைத்திருப்பவர்கள் ஆளைக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று கேட்கிற மனு. கண்ணால் கண்ட சாட்சி ஒன்று இருந்தால் அது நிற்கும், இல்லாவிட்டால் விழும் என்கிறார். அத்தான் திரும்பி வருவது இப்போது ஹாஷிம் நானாவின் வாயில்தான் இருக்கிறது.

நீ வேலை செய்கிற தொண்டு நிறுவனம் இப்படியான விஷயங்களைத்தானே பார்க்கிறது. இன்னும் எந்தக் கதவைத் தட்டலாம் என்று எழுது. இந்தக் கடிதத்தை ஒருவருக்கும் காட்டாதே.

உன்னையே நம்பியிருக்கும்,
அக்கா


இலண்டன்,
11.03.2007

என் அன்பின் அக்காவுக்கும் றோஸிக்கும்,

கடிதத்தை யோகநாதன் அண்ணை வீட்டுக்கே கொண்டுவந்து தந்தார். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? வைத்தியரிடம் காட்டாமல் விடாதீர்கள். கொன்ஸ்ரன்ஸ் அழுதுகொண்டே பாதியில் கடிதத்தை வைத்துவிட்டாள். நான் நாலு தரம் வாசித்தேன்.

நீங்கள் தட்டியது சரியான கதவு, அக்கா. எங்கள் நிறுவனத்தின் வேலையே இதுதான். முன்பு ஒரு மனுவுக்கு மழையிலும் பனியிலும் தெருவில் நின்று கையெழுத்து வாங்குவார்கள். இப்போது இணையத்தளத்தில் ஆளின் படத்தையும் கதையையும் போடுகிறோம். வாசிக்கிறவர் தன் பெயரை எழுதிப் பொத்தானை அழுத்தினால், அந்த நிமிடமே அவருடைய தொகுதி எம்பிக்கு அவர் பெயரில் ஒரு மின்னஞ்சல் தானாகப் போய்விடும். ஐம்பது வந்தால் எம்பி பார்க்க மாட்டார். ஐயாயிரம் வந்தால் பாராளுமன்றத்தில் எழும்பிக் கேள்வி கேட்பார். அதற்குப் பிறகு தூதரகம் கொழும்பில் விசாரிக்கும். வேறொரு நாட்டில் இப்படி இரண்டு பேரைச் சிறையிலிருந்து வெளியில் எடுத்திருக்கிறோம்.

அத்தானின் நல்ல படம் ஒன்று அனுப்புங்கள். அதையும் பெயரையும் போட உங்கள் சம்மதம் வேண்டும். எண்ணிக்கைக்காக ஒருவரும் அழமாட்டார்கள், ஒரு மனிதருக்காகத்தான் அழுவார்கள் என்று எங்கள் தலைவி அடிக்கடி சொல்லுவார். உங்கள் கடிதம் அப்படித்தான் இருக்கிறது. என் மேசையில் வைத்திருந்தேன். தமிழ் தெரியாதவர்களும் அந்த எழுத்தை நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

தைரியமாக இருங்கள். அத்தானைக் கொண்டுவருவோம்.

அன்புத் தம்பி,
ஹியூபேட்


கொட்டாஞ்சேனை,
01.04.2007

அன்பின் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. உங்கள் இருவருக்கும் குளிர் ஒத்துக்கொள்கிறதா? இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. முழங்கால் அப்படியேதான், அதை விடு.

படம் வைத்திருக்கிறேன். கோவிலில் றோஸியின் உறுதிபூசுதலுக்கு எடுத்தது. பக்கத்தில் நிற்கிற என்னை வெட்டிவிட்டு அவரை மட்டும் எடு. படத்தைப் போடு, பெயரைப் போடு. சவுந்தரநாயகம் என்று முழுப்பெயராகப் போடு. அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

உங்களோடு சேர்ந்து வேலை செய்கிறவர்கள் என்று நீ ரெலிபோனில் சொன்ன கொள்ளுப்பிட்டிக் கந்தோருக்கும் போனேன். குளிரூட்டின அறை. ஆளுக்கொரு கொம்பியூட்டர். நல்ல பிள்ளைகள், தேத்தண்ணி தந்தார்கள். பிறகு நாலு பக்கப் படிவம் தந்தார்கள். எந்த வகையில் பாதிக்கப்பட்டீர்கள் என்று கேட்டு ஐந்து பெட்டி அடித்திருந்தது, ஒன்றில் புள்ளடி போட வேண்டுமாம். எந்தப் பெட்டிக்குள் இவரைப் போடுவது என்று தெரியாமல் ஐந்திலும் போட்டேன். "அன்ரி, ஒண்டில மட்டும்தான் போடலாம், இல்லாட்டி கொம்பியூட்டர் எடுக்காது" என்றது ஒரு பிள்ளை. கொம்பியூட்டருக்குப் பிடித்த மாதிரி ஆளைப் பிடிக்கும்படி வான்காரரிடம் சொல்ல வேண்டியதுதான்.

மனு விசாரணைக்குத் திகதி கிடைத்திருக்கிறது, செப்டெம்பர் 26. ஹாஷிம் நானா வருவார். சந்திக்கும்போதெல்லாம் ஒரு சொல்லும் கதைக்காமல் தலையை மட்டும் ஆட்டுவார். அதுவே எனக்குப் போதும்.

என் கடிதத்தை ஏன் மேசையில் வைத்தாய்? நின்று பார்க்கிறவர்கள் யார்? எடுத்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டு. இதற்கு மறுமொழி எழுது.

அக்கா


இலண்டன்,
06.05.2007

என் அன்பின் அக்காவுக்கு,

உங்கள் சுகத்துக்காக மன்றாடுகிறோம். எங்களிடம் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. நவம்பரில் கொன்ஸ்ரன்ஸுக்குப் பிள்ளை. ஆண்பிள்ளை என்றால் அத்தானின் பெயரை நடுவில் வைக்க வேண்டும் என்கிறாள்.

இன்னொரு செய்தி. பதின்மூவாயிரத்து நானூறு பேர், அக்கா. மூன்று கிழமைக்குள். எங்கள் நிறுவனத்தில் இதுவரை எந்தப் பக்கத்துக்கும் இவ்வளவு வேகமாக ஆட்கள் வந்ததில்லை. வாசித்தவர்கள் நண்பர்களுக்கு அனுப்ப, அவர்கள் தங்கள் நண்பர்களுக்கு அனுப்ப, பேஸ்புக் என்று ஒன்று வந்திருக்கிறது, அதிலும் ஒரு குழு தொடங்கிவிட்டார்கள். நோர்வேயிலிருந்து ஒரு பள்ளிக்கூடம் முழுதாகக் கையெழுத்து வைத்திருக்கிறது. இரண்டு எம்பிமார் மறுமொழி போட்டிருக்கிறார்கள். தலைவி என்னைக் கூப்பிட்டுக் கை குலுக்கினார்.

நீங்கள் தனியாக இல்லை. நீங்கள் நினைப்பதைவிட அதிகமான பேர் உங்களோடு சேர்ந்து அழுகிறார்கள்.

றோஸி படிப்பை விடக்கூடாது. உயர்தரப் பரீட்சை முடியட்டும், அவளுக்கு இங்கே ஏதாவது பார்ப்போம்.

அன்புத் தம்பி,
ஹியூபேட்


கொட்டாஞ்சேனை,
10.06.2007

அன்பின் தம்பிக்கு,

கொன்ஸ்ரன்ஸைக் கவனமாகப் பார்த்துக்கொள். பாரம் தூக்க விடாதே. அந்தச் செய்தி வந்த அன்று மட்டும்தான் இந்த வீட்டில் ஒருவர் சிரித்தார்.

ஹாஷிம் நானா ஓடிவிட்டார். மே 28ஆம் திகதி கடை பூட்டிக் கிடந்தது. காய்ச்சலாக்கும் என்று நினைத்தேன். அடுத்த நாளும் பூட்டு. மூன்றாம் நாள் விசாரித்தால், வீட்டுச் சாமானோடு குடும்பமாகப் போய்விட்டார்கள், எங்கே என்று தெரியாது என்றார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலு மாதமாகத் தலையை ஆட்டி ஆட்டி என்னை ஏமாற்றியிருக்கிறார். விலைப்பட்டுவிட்டார், வேறென்ன. பூட்டின கதவுக்கு முன்னால் நின்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். ஒழுங்கையே வந்து பார்த்தது. எதிர் மாடியில் இருக்கிற அவருடைய தங்கை லுத்பியா யன்னலை அடித்துச் சாத்தினாள். சாத்தட்டும். அவர் எங்கே போனாலும் என் வயிற்றெரிச்சல் பின்னால் போகும்.

இரத்தினசிங்கம் ஐயா தலையில் கை வைத்துக்கொண்டு இருக்கிறார். செப்டெம்பருக்குள் ஹாஷிம் வராவிட்டால் மனு அவ்வளவுதான்.

வியாழக்கிழமை விடியப்புறம் இங்கேயும் வெள்ளவத்தையிலும் லொட்ஜுகளில் தங்கியிருந்த எங்கள் சனத்தைப் பஸ்களில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பினார்கள். நீயும் கேள்விப்பட்டிருப்பாய். யாரோ கோர்ட்டுக்குப் போக, அடுத்த நாளே நிறுத்தச் சொல்லிக் கட்டளை வந்தது. ஒரு நாளில், தம்பி. உன்னுடைய பதின்மூவாயிரம் பேர் எங்கே நிற்கிறார்கள்?

எனக்காக அழுகிறவர்களுக்கு என்னை எப்படித் தெரியும்? நான் படமும் பெயரும்தானே தந்தேன். போன தடவை கேட்டதற்கும் நீ மறுமொழி எழுதவில்லை.

அக்கா


இலண்டன்,
24.06.2007

அன்பின் அக்காவுக்கு,

உங்கள் முழங்காலுக்கு ஒரு பூச்சு மருந்து அனுப்புகிறேன். இரவில் பூசிக்கொண்டு படுங்கள். கொன்ஸ்ரன்ஸ் நல்ல சுகம்.

ஹாஷிம் நானாவைத் திட்டாதீர்கள். பயம் யாருக்கும் வரும். அவரும் குடும்பக்காரர். பூட்டின கடைக்கு முன்னால் நின்று கத்துவது உங்களுக்கும் நல்லதல்ல. வேறு சாட்சி கிடைக்கலாம்.

இந்த மாதம் தளத்தில் லொட்ஜ் விஷயத்தை முன்னுக்குப் போட்டிருக்கிறார்கள். அத்தானின் பக்கம் கொஞ்சம் கீழே போயிருக்கிறது. திரும்ப மேலே கொண்டுவரப் பார்க்கிறேன். இங்கே சரியான வேலை, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

தம்பி


கொட்டாஞ்சேனை,
15.07.2007

அன்புள்ள மாமாவுக்கு,

றோஸி எழுதுகிறேன். மாமியும் நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது.

எனக்கு வெள்ளவத்தையில் இரசாயன ரியூசன். வகுப்பு முடிந்து, காலி வீதியில் இருக்கிற ஒரு இன்ரநெற் கபேயில் அப்பாவின் பெயரை அடித்துப் பார்த்தேன். உங்கள் தளம் வந்தது. அதில் அப்பாவின் படத்துக்குக் கீழே, "குடும்பத்தினரின் கடிதம் ஜூன் 19 அன்று நீக்கப்பட்டது" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. என்ன கடிதம் என்று விளங்காமல் தேடினேன். வேறு தளங்களில் அது இருக்கிறது. பதினொரு இடம் எண்ணினேன், பிறகு எண்ணவில்லை.

அம்மாவின் கடிதம், மாமா. ரூல் போட்ட தாளில் அம்மாவின் எழுத்து, அப்படியே படமாக இருந்தது. பக்கத்தில் ஆங்கில மொழிபெயர்ப்பு. ஆங்கிலத்தில் "பக்கத்துக் கடைக்காரர் ஒருவர்" என்று எழுதியிருக்கிறீர்கள். பெயரை எடுத்திருக்கிறீர்கள். ஆனால் தமிழில், இரண்டாம் பக்கத்தில், ஹாஷிம் நானா என்று பெயரும், கடை இருக்கிற இடமும், அவர் கோர்ட்டுக்கு வரப்போகிறதும் அப்படியே இருக்கின்றன.

அப்பாவை அன்று காலை திரும்பிப் பார்க்கவில்லை என்று அம்மா எழுதியதும் இருக்கிறது. அதற்குக் கீழே முன்பின் தெரியாத ஆட்கள் அம்மா நல்லவவா கெட்டவவா என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு இது தெரியாது. அம்மா எனக்குச் சொல்லவில்லை.

இரண்டு பக்கத்தையும் பிறின்ற் எடுத்து இரசாயனக் கொப்பிக்குள் வைத்திருக்கிறேன். அம்மா இன்னும் அந்தக் கடையைக் கடக்கும்போது வாய்க்குள் திட்டிக்கொண்டு போகிறா. நான் சொன்னால் தாங்கமாட்டா. நீங்களே எழுதுங்கள், மாமா. உங்கள் வாயால் வந்தால் மன்னிப்பா. ஒரு மாதம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அன்புடன்,
றோஸி


கொட்டாஞ்சேனை,
26.08.2007

ஹியூபேட்டுக்கு,

நீ சுகமாக இருப்பாய்.

ஒரு மாதத்துக்கும் மேலாக அந்தப் பிள்ளை தாளை ஒளித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் தபால்காரனை வாசலில் நின்று பார்த்திருக்கிறாள். மாமா எழுதுவார், மாமா எழுதுவார் என்று. பதினாறாம் திகதி கொப்பியை என் மடியில் போட்டுவிட்டு அழுதாள். எழுத்தறிந்த நாள் தொடங்கி எழுதிக்கொண்டு வருகிற என் கையெழுத்து, கடைசியில் அதை நான் வெள்ளவத்தைக் கடையொன்றின் பிறின்ற் தாளில் பார்க்க வேண்டி வந்தது. ரெலிபோனுக்குப் பயந்து, தபாலுக்குப் பயந்து, ஒரு மனுசனின் சப்பாத்துக்குள் வைத்து அனுப்பினதை நீ உலகத்துக்கே விரித்துப் போட்டிருக்கிறாய்.

ஆங்கிலத்தில் பெயரை எடுத்தாயாம். வெள்ளைக்காரனிடமிருந்து ஹாஷிம் நானாவைக் காப்பாற்றினாயா? அவரைத் தேடி வெள்ளைக்காரனா வரப்போகிறான்? தமிழ் வாசிக்கத் தெரிந்த ஆட்களும் கொழும்பில் இருக்கிறார்கள் என்பதைக் கொட்டாஞ்சேனையில் பிறந்த நீ மறந்துவிட்டாய்.

ஜூன் 19 நீ எடுத்துவிட்டாய். ஜூன் 24 எனக்கு எழுதுகிறாய், ஹாஷிம் நானாவைத் திட்டாதீர்கள், பயம் யாருக்கும் வரும் என்று. எல்லாம் தெரிந்துகொண்டு எழுதியிருக்கிறாய். யாருடைய பயத்தைப் பற்றி எழுதினாய், ஹியூபேட்?

நானும் குற்றவாளிதான். ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்று அவர் சொன்னதை உனக்குச் சொன்னது நான். தம்பிதானே என்று நினைத்தேன். அந்த நினைப்புக்கு என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

லுத்பியாவின் கதவைத் தட்டி அந்தத் தாளைக் காட்டினேன். முதலில் அவள் துப்பாத குறை. பிறகு விலாசம் தந்தாள். நானும் றோஸியும் புத்தளத்துக்குப் பஸ் எடுத்தோம். ஹாஷிம் நானா மனைவி ஹப்ஸாவின் தகப்பன் வீட்டில் ஒரு அறையில் பிள்ளைகளோடு இருக்கிறார். தாடி நரைத்துவிட்டது.

"தங்கச்சி, ரெண்டு பேர் கடைக்கு வந்தாங்க. இதே தாள்தான். என்ட பேருக்குக் கீழ செவப்புக் கோடு. வெளிநாட்டுக்குத் தகவல் அனுப்புறது நீதானேன்டு கேட்டாங்க. மகள் எந்த ஸ்கூலுக்குப் போறாண்டும் கேட்டாங்க. நீங்கதான் என்னையக் காட்டிக் குடுத்தீங்கன்டு நெனச்சேன்" என்றார்.

"நீங்கள் விலைப்பட்டிட்டியள் எண்டுதான் நான் நினைச்சனான், நானா. உங்கட கடை வாசல்ல நிண்டு திட்டினனான்" என்றேன்.

"தெரியும். லுத்பியா சென்னா" என்றார். பிறகு ஹப்ஸா எங்களுக்குச் சோறு போட்டாள். நான் சாப்பிட்டேன், எப்படிச் சாப்பிட்டேன் என்று தெரியாது.

வரும்போது அவர் சொன்னதைக் கவனமாக வாசி. "ஒங்கட தம்பி சத்தியம் பண்ணி எழுதித் தரட்டும். ஹாஷிமுக்கு இது ஒன்டும் தெரியாது, அவர் ஒன்டும் அனுப்பல்ல, போட்டது நான்தான் என்டு. பேரும் கையெழுத்தும் வெச்சு. கேக்கிறவங்களுக்குக் காட்ட என்ட கையில ஒரு தாள் வேணும். அது வந்தா நான் கோர்ட்டுக்கு வாறேன். அல்லாஹ் மேல ஆணையா வாறேன்."

இரத்தினசிங்கம் ஐயா சத்தியக்கடதாசியை எழுதி இதோடு வைத்திருக்கிறார். அரைப் பக்கம்தான். அங்கே ஒரு வழக்கறிஞருக்கு முன்னால் கையெழுத்து வைத்து அனுப்பு. விசாரணை செப்டெம்பர் 26. இன்றைக்கு முப்பத்தொரு நாள் இருக்கிறது.

உன்னைத் திட்டுவதை நான் பிறகு ஆறுதலாகத் திட்டுவேன். இப்போது எனக்கு உன் கையெழுத்து ஒன்று வேண்டும்.

யோசெப்பின்


இலண்டன்,
16.09.2007

அன்பின் அக்காவுக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. சுகமா என்று கேட்கவும் கூச்சமாக இருக்கிறது.

வருந்தத்தக்க ஒரு தவறு நடந்துவிட்டது. கடிதத்தை ஸ்கேன் செய்தவருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்த்தது நான், பெயரை எடுத்ததும் நான். எங்கள் தளத்துக்கு வருகிறவர்கள் ஆங்கிலம் வாசிக்கிறவர்கள். தமிழ்ப் பக்கம் வெறும் படம், கண்ணால் பார்க்கிறதுக்கு, என்றே என் மனதில் இருந்தது. உங்கள் ஜூன் கடிதத்தை வாசித்த உடனே விளங்கிவிட்டது. அடுத்த நாள் எடுத்தேன். அதற்குள் மற்றவர்கள் பிரதி எடுத்துவிட்டார்கள். றோஸியின் கடிதத்துக்கு மறுமொழி எழுத மூன்று தரம் உட்கார்ந்தேன்.

சத்தியக்கடதாசியை எங்கள் சட்ட ஆலோசகரிடம் காட்டினேன். நான் கையெழுத்து வைத்தால் நிறுவனம் பிழையை ஒப்புக்கொண்டதாகிவிடுமாம். பிறகு உதவி தருகிறவர்கள் கேள்வி கேட்பார்கள், நூற்றுக்கணக்கான ஆட்களுக்காகச் செய்கிற வேலை நின்றுவிடும் என்கிறார். என் விசா இந்த வேலையில் தொங்கிக்கொண்டிருக்கிறது, அக்கா. வேலை போனால் விசாவும் போகும். நவம்பரில் பிள்ளை. கொன்ஸ்ரன்ஸை இந்த நிலையில் எங்கே கூட்டிக்கொண்டு போவேன்? எனக்கும் அங்கே திரும்பி வர முடியாது, உங்களுக்குத் தெரியும்.

கையைக் கட்டிக்கொண்டு நான் இருக்கவில்லை. சாட்சிகளுக்குப் பாதுகாப்புக் கேட்டு ஒரு புதிய மனுவைத் தொடங்க வைத்திருக்கிறேன். கொள்ளுப்பிட்டிக் கந்தோரும் கையெழுத்துச் சேர்க்கிறது. ஹாஷிம் நானாவின் பெயர் எங்கும் வராது. அத்தானுக்கான கையெழுத்து மனு இருபத்தையாயிரத்தைத் தாண்டிவிட்டது. ஒக்ரோபரில் கையளிக்கிறோம். பெரிய விஷயம், அக்கா.

என்னை விளங்கிக்கொள்ளுங்கள்.

தம்பி


கொட்டாஞ்சேனை,
30.09.2007

ஹியூபேட்,

உன் கடிதம் 24ஆம் திகதி வந்தது. முதலில் உறையைக் கவிழ்த்து உதறிப் பார்த்தேன். வேறு தாள் ஒன்றும் விழவில்லை. பிறகுதான் வாசித்தேன்.

ஹாஷிம் நானாவுக்கு நானே ரெலிபோன் எடுத்தேன். இனி யார் கேட்டால் என்ன. "தம்பி தரேல்ல, நானா" என்றேன். "அப்ப நான் எப்படி தங்கச்சி வாறது. என்னைய மன்னிச்சிக்கோங்க" என்றார். நீ தவறு நடந்துவிட்டது என்று எழுதுகிறாய், மழை பெய்துவிட்டது என்று எழுதுகிற மாதிரி. ஒரு பிழையும் செய்யாத அந்த மனுசன் மன்னிப்புக் கேட்கிறார்.

புதன்கிழமை புதுக்கடைக் கோர்ட்டுக்குப் போனோம். எங்கள் மனு பதினொரு மணிக்கு வந்தது. சாட்சி இருக்கிறதா என்று கேட்டார்கள். இரத்தினசிங்கம் ஐயா எழும்பி நின்று, இன்னொரு திகதி கேட்டார். கொடுக்கவில்லை. ஐந்து நிமிடமும் எடுக்கவில்லை. அத்தானுடைய பெயரை ஒரு தரம் வாசித்தார்கள், பிழையாக வாசித்தார்கள், மனுவைத் தள்ளிவிட்டார்கள், அதோடு சரி. அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

நான் அவரை இனி எங்கே போய்க் கேட்பேன்? இதை உன்னிடம் கேட்கவில்லை. சும்மா எழுதுகிறேன்.

நீ உன் மனைவிக்காகவும் பிள்ளைக்காகவும் பயந்தாய். அது எனக்கு விளங்குகிறது. ஹாஷிம் நானாவுக்கும் நாலு பிள்ளைகள். அவர் வானைக் கண்டவுடன் கண்ணை மூடியிருக்கலாம். கூப்பிட்டுச் சொன்னார். உனக்கு வேலைதான் போகும் என்றார்கள். அவருக்கு என்ன போகும் என்று வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். அப்படியிருந்தும் வாறேன் என்றவர் அவர். நீ சொந்தத் தம்பி.

கொன்ஸ்ரன்ஸுக்குச் சுகப்பிரசவமாக வேண்டும். பிள்ளைக்கு அத்தானின் பெயரை வைக்க வேண்டாம்.

கோர்ட்டுக்கு வெளியில் வந்தபோது கொள்ளுப்பிட்டிக் கந்தோர்ப் பிள்ளை ஒன்று தாளும் பேனையுமாக நின்றது. சாட்சிகளின் பாதுகாப்புக்கு மனுவாம். உன் மனு. "அன்ரி, ஒரு சைன் வைக்கிறீங்களா, பிறகு நாங்க இன்ரநெற்றில ஏத்துவம்" என்றது. என் முகத்தை அதற்கு அடையாளம் தெரியவில்லை. நான் அந்தத் தாளைக் கிழித்துப் போடுவேன் என்று நினைத்து றோஸி என் கையைப் பிடித்தாள். நான் பேனையை வாங்கி, முழுப் பெயரும் எழுதி, கையெழுத்து வைத்துவிட்டு வந்தேன். முன்னால் வந்து நின்று கேட்கிற ஒரு ஆளுக்குக் கையெழுத்துத் தரமாட்டேன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உனக்கு வந்தது.

யோசெப்பின்